செடிக்கு விளக்கு: உணவா, செய்தியா?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பாலவனத்தம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து திருச்சுழி வரைக்கும் பரந்து கிடப்பது பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கரிசல் வெடித்துக் கிடக்கும். இந்தப் பூமியில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, கூலியாளுக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

இத்தகைய வறண்ட வட்டாரங்களிலும் இன்று பசுமைக்குடில், நிழல்வலைக் குடில் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. குறைந்த நீரில் கூடுதல் விளைச்சல் என்பதால் படித்த இளைஞர்கள் இவற்றில் ஆர்வம் காட்டுகிறார்கள். அவர்கள் பார்க்கும் படங்கள் பலவற்றில், குடிலுக்குள் ஊதா நிற விளக்குகள் பளபளவென்று எரிகின்றன. 'விளக்கும் போட்டால்தான் விளைச்சல் கிடைக்கும் போலும்' என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் விழுந்துவிடுகிறது. கடன் வாங்கிக் குடில் அமைக்க நினைக்கும் ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று. விளக்கின் விலை ஒருமுறை கொடுப்பது. மின்கட்டணமோ பயிர் உள்ளளவும் கொடுப்பது.

மின்செலவைக் குறைப்பது எப்படி என்று கேட்டால், 'எந்தப் பல்பு சிக்கனமானது?' என்றே பலரும் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செடிக்கு நாம் தரும் வெளிச்சம் உணவா, செய்தியா? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டால், ஆயிரம் யூனிட் செலவாகுமா, ஒரு யூனிட் செலவாகுமா என்பது தெரிந்துவிடும். இது வெறும் பேச்சுக்குச் சொன்னதன்று, கணக்கிட்டே பார்க்கலாம்.

ஒளியை எண்ணும் முறை

ஒளி என்பது ஃபோட்டான் எனப்படும் ஆற்றல் பொட்டலங்களாக வந்து சேருகிறது என்பதை நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இலையில் ஒளிச்சேர்க்கை நிகழ்வதற்கு இந்தப் பொட்டலங்களின் எண்ணிக்கையே முக்கியம். ஒரு நீல ஃபோட்டானில் ஒரு சிவப்பு ஃபோட்டானைவிட ஆற்றல் அதிகம். ஆனால் அந்த அதிக ஆற்றலுக்கேற்ற கூடுதல் பயன் இலைக்குக் கிடைப்பதில்லை. மிகுதி வெப்பமாகிப் போகிறது.

எண்ணிக்கை மிகப் பெரியது என்பதால் வேதியியலில் வழங்கும் 'மோல்' என்ற அளவையே இங்கும் கையாளுகிறார்கள். ஒரு மோல் என்றால் சுமார் 6.022-ஐ அடுத்து 10-இன் 23-ஆம் அடுக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் விழும் ஒளிச்சேர்க்கைக்குரிய ஃபோட்டான்கள் எத்தனை மோல் என்பதே அந்த இடத்தின் அன்றாட ஒளி வரவு. கீரை வகைகளுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் வரை இருந்தால் நன்று. தக்காளி, குடைமிளகாய் போன்றவை 20 முதல் 30 மோல் வரை கேட்கும்.

பல்பின் உறையில் அச்சிட்டிருக்கும் லூமென் என்ற அளவு செடிக்காக ஏற்பட்டதன்று. அது மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டி வகுத்த அளவு. நம் கண் பச்சை நிறத்தை மிகுதியாக உணரும். ஆகவே பச்சை கலந்த ஒளிக்கு லூமென் கூடுதலாக இருக்கும். செடிக்கென விளக்கு வாங்குவோர் ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் கிடைக்கிறது என்று கேட்டு வாங்கவேண்டும்.

பாலவனத்தத்தின் வரவு எவ்வளவு?

தென் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல், ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்குக் குறையாது. 5 யூனிட் என்பது 18 மெகாஜூல். இதில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் அலைநீளப் பகுதி ஏறக்குறைய 45 விழுக்காடு. அதை ஃபோட்டான் கணக்குக்கு மாற்றினால் சுமார் 37 மோல் வருகிறது. பாலித்தீன் கூரை இதில் ஐந்தில் மூன்று பங்கை உள்ளே விடுவதாகக் கொண்டாலும், செடிக்கு 22 மோல் கிடைக்கும்.

இனி வடக்கே செல்வோம். கண்ணாடிக் குடில்களுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாட்டில் டிசம்பர் மாதத்தில் பகல் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சூரியன் தாழ்வாகவே நகரும். வானம் மூடியே கிடக்கும். அங்கே வெளியில் கிடைப்பதே நாளுக்கு 4 மோல் அளவுதான். குடிலுக்குள் அதுவும் குறையும். ஆகவே அந்நாட்டு உழவர் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் விளக்கால் உணவூட்டுகிறார்கள். 2021, 2022 ஆண்டுகளில் ஐரோப்பாவில் எரிவாயு, மின்சார விலைகள் தாறுமாறாக ஏறியபோது, அவர்களிலேயே பலர் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். சிலர் குளிர்காலப் பயிரையே கைவிட்டார்கள்.

நாம் படங்களில் காணும் ஊதா விளக்குகள் இப்படிப்பட்ட இருண்ட வானத்துக்கும், சன்னலே இல்லாத அடுக்குமாடிப் பண்ணைகளுக்கும் உரியவை. வெயிலைத் தாங்காமல் நிழல்வலை வாங்கிக் கட்டும் ஊரில், அதே வலைக்கு அடியில் விளக்கும் போடுவது குடையைப் பிடித்துக்கொண்டு வெயில் காய்வதற்குச் சமம்.

விளக்கால் உணவூட்டினால் என்ன ஆகும்?

இருந்தாலும் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓர் ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர் பரப்புக்கு நாளொன்றுக்கு 10 மோல் ஒளியை விளக்கால் தருவதாகக் கொள்வோம். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு ஜூலுக்கு 3 மைக்ரோமோல் தரும். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 3.33 மெகாஜூல், அதாவது 0.93 யூனிட் வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய 3,750 யூனிட். சோடியம் ஆவி விளக்காக இருந்தால் இதுவே 6,200 யூனிட்டைத் தாண்டும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், எல்.இ.டி. விளக்கிலேயே ஒரு நாள் செலவு 26,250 ரூபாய். மாதத்துக்கு 7 லட்சத்து 87 ஆயிரத்து 500 ரூபாய்!

'சூரியப் பலகை போட்டுக்கொண்டால் போயிற்று' என்று நீங்கள் சொல்லக்கூடும். அதையும் பார்ப்போம். ஒரு கிலோவாட் பலகை நம் பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3,750 யூனிட்டுக்கு 937 கிலோவாட், அதாவது ஒரு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அது பரந்துள்ள நிலம் ஏறக்குறைய 2,500 ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் ஆகிறது. ஆக, ஓர் ஏக்கர் பயிருக்குப் பாதியளவுக்கும் குறைவான வெளிச்சம் தர, ஏறக்குறைய 4 ஏக்கர் நிலத்தைப் பலகையால் மூடவேண்டும். வெயிலை மின்சாரமாக்கி, அதை மீண்டும் வெளிச்சமாக்கும்போது இரண்டு இடத்திலும் இழப்பு நேர்கிறது. நேராக விழும் வெயிலுக்கு அந்த இழப்பு இல்லை.

மழைக்காலத்து மேகமூட்ட நாள்களில் ஒளி குறைந்தால், முதலில் செய்யவேண்டியவை வேறு. அந்த நாள்களில் நிழல்வலையைச் சுருட்டி வையுங்கள். கூரைமேல் படிந்த கரிசல் புழுதியைக் கழுவுங்கள். வெளுத்து மங்கிய பாலித்தீனைக் காலத்தில் மாற்றுங்கள். தரையில் வெண்ணிற விரிப்பு இட்டால், வீணாகும் ஒளி இலையின் அடிப்புறத்துக்குத் திரும்பும். இவற்றுள் எதற்கும் மின்மானி சுழலாது.

இருளை அளக்கும் செடி

உணவுக் கணக்கு இத்துடன் முடிந்தது. இனி செய்திக்கு வருவோம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இரவில் பயணம் செய்தால், சில சாமந்தி வயல்களில் வரிசை வரிசையாகப் பல்புகள் எரிவதைக் காணலாம். பகலெல்லாம் நல்ல வெயில் காய்ந்த வயலுக்கு இரவில் விளக்கு எதற்கு?

1920-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர் ஒரு புகையிலை வகையை ஆராய்ந்து, பகல் இரவு நீளத்தைப் பொறுத்தே அது பூக்கிறது என்று வெளியிட்டார்கள். பின்னர் 1938-இல் ஹாம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தைச் செடியைக் கொண்டு சோதனை செய்தார்கள். நம் ஊர்ப் பாதையோரத்தில் முள் காயுடன் நின்று வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அதே செடிதான். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால் போதும். அது பூக்காமல் நின்றுவிட்டது. செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளின் நீளத்தை என்பது இதனால் விளங்கியது.

இந்த அளவுகோலாக இலையில் இருப்பது ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். 730 நானோமீட்டர் அளவிலுள்ள தொலைச் சிவப்பொளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இருளிலும் அது மெல்ல மெல்லப் பழைய நிலைக்குப் போகும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் 1952-இல் லெட்டூஸ் கீரை விதைகளைக் கொண்டு இந்தத் திருப்பம் கண்டறியப்பட்டது. 1959-இல் நிறமியே செடியில் இனங்காணப்பட்டது.

சாமந்தி ஒரு குறும்பகல் தாவரம். வெட்டுமலருக்காக வளர்க்கும் வகைகள் பலவற்றில், பகல் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரத்துக்குக் குறைந்தால் மொட்டு தோன்றத் தொடங்கும். இப்போது பாலவனத்தத்தின் பகலைக் கணக்கிடுவோம். இவ்வூர் வடக்கு அட்சம் ஒன்பதரை டிகிரியை ஒட்டி இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 34 நிமிடம். ஓசூரிலும் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. அதாவது, சாமந்தியின் கண்ணுக்கு நம் நாட்டில் ஆண்டு முழுவதுமே குறும்பகல்! நட்ட சில நாள்களிலேயே, தண்டு வளர்வதற்கு முன்பே, செடி மொட்டு வைக்க முனைந்துவிடும். குட்டைச் செடியில் சில பூக்கள் மட்டுமே கிடைக்கும்.

இதைத் தடுக்கவே நள்ளிரவு விளக்கு. இரவு 10 மணி முதல் 2 மணி வரை வெளிச்சம் காட்டினால், நீண்ட இருள் இரண்டு துண்டாகிறது. 'இன்னும் பூக்கும் பருவம் வரவில்லை' என்ற செய்தி செடிக்குப் போகிறது. ஏறக்குறைய ஒரு மாதம் இப்படிச் செய்து, தண்டு போதிய உயரம் வளர்ந்ததும் விளக்கை நிறுத்திவிடலாம். வகைக்கு ஏற்ப, அதன்பின் ஏழு முதல் பத்து வாரங்களில் வயல் ஒரே சீராகப் பூக்கும். விலை கிடைக்கும் பண்டிகை நாளைக் கணக்கிட்டுப் பின்னோக்கி எண்ணி விளக்கை நிறுத்துவதும் இதனால் கைகூடும்.

இந்தச் செய்திக்கு வேண்டிய வெளிச்சம் செடியின் உச்சியில் சுமார் 100 லக்ஸ். நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்பதைக் கவனியுங்கள். இங்கேதான் சிக்கனத்துக்கு வழி திறக்கிறது.

மூன்று படிகளில் குறையும் கட்டணம்

ஓர் ஏக்கரில் மூன்று மீட்டர் இடைவெளியில் பல்பு கட்டினால் 450 பல்புகள் வேண்டும். இரவுக்கு 4 மணி நேரம், 30 இரவுகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதற்படி, பழைய 100 வாட் குண்டு பல்பு. மொத்தம் 45 கிலோவாட். ஓர் இரவுக்கு 180 யூனிட். 30 இரவுக்கு 5,400 யூனிட். யூனிட் 7 ரூபாய் வீதம் 37,800 ரூபாய். குண்டு பல்பில் செலவாகும் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது என்பதை அதைத் தொட்டவர் அறிவர்.

இரண்டாம் படி, 10 வாட் எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் கீழ்நோக்கி விழுமாறு ஒரு பிரதிபலிப்பு மூடியும் வேண்டும். மொத்தம் 4.5 கிலோவாட். 30 இரவுக்கு 540 யூனிட், 3,780 ரூபாய். நீல நிற எல்.இ.டி.யைக் கண்டறிந்து இன்றைய வெண்ணொளிப் பல்புக்கு வழிவகுத்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அவர்களின் உழைப்பு இங்கே மின்கட்டணத்தைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். நீலம் தூக்கலான குளிர்வெண்மைப் பல்பைவிட, மஞ்சள் கலந்த இளவெண்மைப் பல்பில் சிவப்பொளி மிகுதி. ஃபைட்டோகுரோமுக்குத் தேவை சிவப்பே.

மூன்றாம் படியில் பல்பு மாறவில்லை. எரியும் முறை மாறுகிறது. கசியும் குடத்தை நிறைவாக வைத்திருக்க, இடைவிடாமல் நீர் ஊற்றவேண்டுமா? குறைவதற்கு முன் அவ்வப்போது ஊற்றினால் போதுமல்லவா? நிறமியும் அப்படித்தான். இருளில் அது பழைய நிலைக்குத் திரும்பப் பொழுது பிடிக்கும். 1961-இல் கேத்தி, போர்த்விக் ஆகியோர் சாமந்தியில் விட்டுவிட்டு ஒளியூட்டும் முறையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அரைமணி நேரத்துக்கு 6 நிமிடம் எரித்தாலே தொடர்ந்து எரித்த பலன் கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம்! 540 யூனிட் 108 யூனிட்டாகிறது. 3,780 ரூபாய் 756 ரூபாயாகிறது.

இதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. வயலை ஐந்து பாத்திகளாகப் பிரித்து, ஒரு டைமர் கருவியால் ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம் சுற்றுமுறையில் விளக்கு எரியச் செய்யலாம். அரைமணியில் ஒரு சுற்று முடியும். எந்த நேரத்திலும் எரிபவை 90 பல்புகள்தாம், அதாவது 0.9 கிலோவாட். முதன்மைக் கம்பியின் பருமன் குறையும்; இணைப்புச் சுமையும் குறையும். பல்புகளின் எண்ணிக்கை குறையாது என்பதை மட்டும் முதலீட்டில் மறக்கவேண்டா. சோடியம் ஆவி விளக்கு இம்முறைக்கு ஒவ்வாது. அது முழு ஒளிக்கு வரவே சில நிமிடங்கள் ஆகும், அணைந்தால் ஆறிய பின்னரே மீண்டும் எரியும். எல்.இ.டி.யோ தட்டியவுடன் எரியும்.

இப்போது ஓர் இரவின் தேவை 3.6 யூனிட். உணவுக்கு 3,750 யூனிட், செய்திக்கு 3.6 யூனிட், ஆயிரத்தில் ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். இந்த அளவு மின்சாரத்தை ஒன்றரை கிலோவாட் சூரியப் பலகையும் தக்க மின்கலமும் தந்துவிடும். கார்த்திகை மாத மேகத்துக்கும் மின்கல இழப்புக்கும் சேர்த்துத்தான் ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மிகுதியாகச் சொல்கிறேன்.

உணவாகவே வேண்டிய இடங்கள்

நம் நாட்டிலும் விளக்கே உணவாக அமையும் இடம் உண்டு. வாழை முதலியவற்றின் திசு வளர்ப்புக் கூடங்கள் அத்தகையவை. மூடிய அறையில், குளிர்சாதனத்தின் துணையுடன், நாளொன்றுக்கு 16 மணி நேரம் விளக்கு எரிகிறது. இங்கே ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு முறை காசு கொடுக்கிறோம். விளக்கில் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக அறையில் தங்கும். அதை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு வேண்டும்.

சோக்குடன் 50 வாட் இழுக்கும் 100 பழைய குழல் விளக்குகளை 20 வாட் எல்.இ.டி. குழல்களாக மாற்றினால், விளக்கில் நாளுக்கு 48 யூனிட்டும், குளிர்சாதனத்தில் 16 யூனிட்டும் மிச்சமாகும். விளக்கெரியும் நேரத்தை இரவுக்கு மாற்றினால், வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் குளிர்சாதனத்தின் வேலை இன்னும் எளிதாகும். செடிக்கு இரவும் பகலும் நாம் வைப்பதே.

விளக்கு வாங்கும் முன்

எல்லாச் செடிக்கும் ஒரே விதி இல்லை. ரோஜா பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது. அதற்கு நள்ளிரவு விளக்குப் போடுவது வீண். சாமந்திக்கும்கூட நம் கரிசல் வெளியின் கோடை வெப்பம் ஒவ்வாது. வெப்பம் மிகுந்தால் பூக்கும் காலம் தள்ளிப்போகும். விளக்கால் அதைச் சரிசெய்ய இயலாது. முதலில் பத்துச் சென்ட் நிலத்தில் ஒரு பருவம் செய்து பார்ப்பதே அறிவுடைமை. வயலோரத்தில் தெருவிளக்கு இருந்தால், மொட்டு வைக்க வேண்டிய காலத்தில் அதன் வெளிச்சம் செடிமேல் விழாமல் மறைக்கவேண்டும். ஈர வயலில் கம்பி இழுப்பதால் மின்கசிவைத் துண்டிக்கும் காப்புக் கருவி கட்டாயம் வேண்டும். பம்புசெட்டுக்கென்று பெற்ற இணைப்பிலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுக்கலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். யூனிட் விலையாக நான் கொண்ட 7 ரூபாயை நீக்கி, உங்கள் கட்டண விகிதத்தை இட்டுக் கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்.

இனி யாரேனும் உங்களிடம் குடில் விளக்கின் விலைப்பட்டியலை நீட்டினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் ஊரில் நாளுக்கு எத்தனை மோல் ஒளி விழுகிறது? என் பயிருக்கு எத்தனை மோல் வேண்டும்? இந்த விளக்கு அதற்கு உணவா, செய்தியா? மூன்றுக்கும் எண்ணால் விடை வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால், கையெழுத்திடும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளியில் படித்த கணக்கே அதற்குப் போதும்.